கையில் கொடுக்காத கத்தி

நவம்பர் 3, திங்கள்

இது ஓர் உரக் கம்பெனி டயரி. பழைய வருஷத்தது. கிழமைகளை நானே அடித்துத் திருத்திக்கொள்கிறேன். கொண்டுவந்து தந்தவள் என் மச்சினன் மகள் அகிலா. இங்கே மதுரையில்தான் பேங்க் வேலை, ஹாஸ்டலில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாள். "மாமா, அத்தை என்ன சாப்பிட்டாங்க, மாத்திரை போட்டாங்களா, ஏதாவது பேச வந்தாங்களான்னு தெனமும் எழுதி வைங்க. பேச்சு டீச்சர் கேப்பாங்க" என்றாள்.

எழுத்து எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது தலைமையாசிரியர் வீடு தேடி வந்து, "அழகுமலை இல்லாமல் நான் யாருக்குப் பரீட்சை வைப்பேன்" என்று அழுதார். அதன் பிறகு அழகுமலை சவுண்ட் சர்வீஸ். இந்த வட்டாரத்தில் என் குழாய் கட்டாத கல்யாணத்தைக் கல்யாணம் என்றே யாரும் ஒத்துக்கொண்டதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவணி மாதம் என் வீட்டுக்காரி தனபாக்கியத்துக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் சோர்ந்து போயின. கால் தேறிவிட்டது, மெதுவாக நடக்கிறாள். கை பாதி. பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாம் சொல்வது அத்தனையும் புரிகிறது, பதில் வாய்க்கு வருவதில்லை. நாற்பது வருஷமாக நான் வாசலில் யாரிடம் எதைச் சொன்னாலும் அடுப்படியிலிருந்து "பொய்யி" என்று ஒரு குரல் வரும். இப்போது வீடு அமைதி. அமைதி நல்லதுதானே.

அவள் தம்பி சௌந்தரபாண்டி கோயம்புத்தூரில் வசதியாக இருக்கிறான். நேற்று போனில், "மச்சான், பொங்கச் சீரோட வருவேன். அக்காவை வந்து பாப்பேன். சரியாப் பாத்துக்க ஒங்களால முடியலேன்னா கையோட கூட்டிட்டுப் போயிருவேன். கோவிச்சுக்கக் கூடாது" என்றான்.

எனக்கென்ன பயம்? சமையல் நான் பார்க்காததா?

எழுதியதைத் தனத்துக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். தலைமையாசிரியர் அழுகிற இடத்தில் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன் போல.

நவம்பர் 5, புதன்

தனத்தின் அரிவாள்மனையில் பீன்ஸ் நறுக்கினேன். அவள் தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டே ஒரு கூடைக் காயை முடித்துவிடுவாள். இனி அவளால் தரையில் உட்கார முடியாது. நான் உட்கார்ந்தேன். பீன்ஸ் பலவிதமான நீளங்களில் வந்தது. வட இந்தியாவில் அப்படித்தான் நறுக்குவார்கள்.

நறுக்கி முடித்ததும் எழுந்திருக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். தனம் வந்து இடது கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு எழுந்தேன். முட்டிக்கு ஒன்றுமில்லை, அவள் கைக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்றுதான்.

நவம்பர் 9, ஞாயிறு

கத்தி வாங்கப் போனோம். நான், தனம், அகிலா.

பாத்திரக் கடையில் மரக்கட்டையில் செருகிய பன்னிரண்டு கத்திகள் ஒரே செட்டாக இருந்தன. பார்த்தவுடனே எனக்குப் பிடித்துவிட்டது, ஆம்ப்ளிஃபயர் மாதிரி கம்பீரம். கடைக்காரரிடம், "நான் மலேசியாவில் ஓட்டல் நடத்தியவன், கத்தி விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது" என்று சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் தனத்தைப் பார்த்தேன். அவள் கத்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இந்த செட்டுல ஒம்போது சும்மா நிக்கும்," என்றாள் அகிலா. "வீட்டுச் சமையலுக்கு நடுத்தரமா ஒண்ணு, தோல் சீவ சின்னதா ஒண்ணு. ரொட்டி வெட்டுறதுன்னா பல் வச்சது ஒண்ணு. அவ்வளவுதான்."

"நாம எப்ப ரொட்டி வெட்டுனோம்?"

"அப்ப ரெண்டே போதும்."

தனம் ஒவ்வொரு கத்தியாக இடது கையில் எடுத்து, கனம் பார்த்து, வைத்தாள். பளபளப்பான கைப்பிடியெல்லாம் அவளுக்கு வழுக்கியது. கடைசியில் ஒரு சாதாரணக் கத்தி, பருத்த கறுப்புப் பிடி, அலகு ஒரு சாண் இருக்கும். அதை எடுத்தவள் திரும்ப வைக்கவில்லை. "அம்மாவுக்குத் தெரியுதுல்ல!" என்றார் கடைக்காரர். மலேசியாவைப் பற்றி அவர் அதன்பின் விசாரிக்கவில்லை.

கடைசியில் வாங்கியது அது, ஒரு சின்னக் கத்தி, என் விருப்பத்துக்காக ஓர் இரும்புப் பட்டறைக் கத்தி. அதைக் கையில் பிடித்தால் காவல் தெய்வம் போல இருக்கிறது.

நவம்பர் 12, புதன்

பட்டறைக் கத்தி செம்பருத்தி நிறத்துக்கு மாறிவிட்டது. நேற்று தக்காளி நறுக்கிவிட்டுத் தொட்டியில் போட்டிருந்தேன். ரசத்தில் ஒரு புது வாசனை. இரும்புச் சத்து தனத்துக்கு நல்லது. ஆனால் அவள் குடிக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

அகிலா வந்ததும் நேராக அடுப்படிக்குள் போனாள். அவள் அப்பன் மாதிரியே நடை.

"மாமா, கத்தியை எச்சில் பாத்திரத்தோட தொட்டியில போட்டிருக்கீங்க."

"ஊறட்டும்னு போட்டேன்."

"கத்தி என்ன உளுந்தா, ஊறுறதுக்கு? தண்ணிக்குள்ள கிடக்கிறது தெரியாம அத்தை கைய விட்டா என்ன ஆகும்?"

அதற்கப்புறம் ஒரு பெரிய பிரசங்கம். நறுக்கி முடித்தவுடன் கழுவி, அப்போதே துணியால் துடைக்க வேண்டுமாம். இரும்புக் கத்திக்குத் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவ வேண்டுமாம். கிரானைட் மேடையிலும் எவர்சில்வர் தட்டிலும் வைத்து நறுக்கினால் கூர் மடங்கிவிடுமாம், மரப்பலகை வேண்டுமாம். நறுக்கியதைச் சட்டிக்குள் தள்ளக் கூர்ப்பக்கத்தால் சுரண்டாமல் கத்தியின் முதுகால் தள்ள வேண்டுமாம். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். அவள் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "அப்பா போன் பண்ணாங்க மாமா. வீடு எப்பிடி இருக்குன்னு கேட்டாங்க" என்றாள்.

"என்ன சொன்ன?"

"பாத்துக்கிறாங்கன்னு சொன்னேன்."

"வெறுமன பாத்துக்கிறாங்களா? பிரமாதமான்னு ஒரு வார்த்தை சேத்தா கொறஞ்சா போயிருவ?"

சிரித்தாள். முழுச் சிரிப்பு இல்லை.

நவம்பர் 20, வியாழன்

பேச்சு டீச்சர் ரெஜினாவிடம் போனோம். தனத்துக்குப் படங்களைக் காட்டினார். பசு. குடை. சாவி. தனம் உதட்டை அசைத்தாள், காற்று வந்தது. அவளுக்குச் சிரமம் வேண்டாமே என்று நானே, "பசு, குடை, சாவி" என்று சொல்லி முடித்தேன். மூன்றும் சரி.

"சார், பரீட்சை உங்களுக்கில்ல," என்றார் டீச்சர். "அவங்க தேடிக்கிட்டிருக்காங்க. நீங்க எடுத்துக் குடுத்தா தேடுறதை விட்டுருவாங்க. கொஞ்சம் பேசாம இருந்து எடம் குடுங்க."

ஐந்து தெருவுக்குக் கேட்கிற மாதிரி குழாய் கட்டிய என்னிடம், பேசாமல் இரு என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். முதல் வெளி ஆள்.

இன்னொன்றும் சொன்னார். தினம் செய்த வேலையை அவள் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். கை பழசை நினைத்தால் வாயும் நினைக்க வாய்ப்பு உண்டாம். "வீட்ல என்ன வேலை விரும்பிச் செய்வாங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் தனம் மேஜையில் இடது கையை வைத்து, டக் டக் டக் என்று நறுக்கிக் காட்டினாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஆட்டோவில் காற்றே இல்லை.

நவம்பர் 21, வெள்ளி

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வீட்டில் சண்டை வரும் என்பாள். யார் நீட்டினாலும் வாங்க மாட்டாள். "கீழ வைங்க" என்பாள். வைத்த பிறகு எடுத்துக்கொள்வாள். கல்யாணமான புதிதில் ஆப்பிள் நறுக்க நான் கத்தியை நீட்டிக்கொண்டே நிற்க, அவள் வாங்காமலே நிற்க, ஆப்பிள் கறுத்துப்போனது.

காலையில் அவளை மேஜை முன் உட்கார வைத்து, பலகை வைத்து, ஒரு வெண்டைக்காயை வைத்தேன். அவசரத்தில் கறுப்புப் பிடிக் கத்தியை நேராகக் கையில் நீட்டிவிட்டேன்.

வாங்கிக்கொண்டாள்.

சும்மா வாங்கிக்கொண்டாள், கரண்டியை வாங்குகிற மாதிரி. "கீழ வைங்க" என்று சொல்லத்தான் முடியாது, சரி. தலையையாவது ஆட்டியிருக்கலாம். கண்ணையாவது உருட்டியிருக்கலாம். அவள் மறந்துவிட்டாளா, அல்லது இனிமேல் என்ன சண்டை என்று நினைத்துவிட்டாளா?

வெண்டைக்காயை இடது கையால் நறுக்கினாள். வலது கை விரல்களால் மெதுவாக அமுக்கிப் பிடித்திருந்தாள். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். வெண்டைக்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் சட்டை நனைந்துவிட்டது, வெயில்.

நாளைக்கும் கையிலேயே கொடுத்துப் பார்க்கப் போகிறேன். ஒரு பரிசோதனைக்காக.

நவம்பர் 24, திங்கள்

மூன்று நாளாகக் கையில் கொடுக்கிறேன், வாங்குகிறாள். சண்டை எதுவும் வரவில்லை. இந்த நம்பிக்கைகளெல்லாம் வீண்.

இன்றைக்கு ஒரு தொழில்நுட்ப ஏற்பாடு செய்தேன். கத்தி ரொம்பக் கூர். அவள் பிடித்திருக்கிற வலது கையிலோ உணர்ச்சி சரியாக இல்லை. கூர் குறைந்தால் ஆபத்து குறையும், இது விஞ்ஞானம். பின்வாசல் சிமெண்டுப் படியில் கத்தியைக் குப்புறப் பிடித்து, கூர் மழுங்கும்படி நன்றாகத் தேய்த்தேன். உள்ளங்கையில் இழுத்துப் பார்த்தேன், ஒரு கோடுகூட விழவில்லை. நெஞ்சு லேசாயிற்று. சின்னக் கத்தியையும் தேய்த்துவிட்டேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

தனத்துக்குச் சின்னக் கீறல்.

கத்தரிக்காய். தோல் வழுவழுப்பு. கத்தி இறங்கவில்லை என்று அவள் இன்னும் அழுத்தினாள், இன்னும் அழுத்தினாள், நான் தாளிக்கக் கடுகை எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் அவள் பாட்டுக்கு நறுக்கிக்கொண்டிருக்கிறாள். பலகை சிவப்பு. வலது ஆள்காட்டி விரல். அவளுக்குத் தெரியவே இல்லை. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் குனிந்து தன் கையைப் பார்த்தாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று எழுதலாம். உண்மையில் ஆட்டோவில் அவள்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

தையல் போட்டார்கள். எப்படி ஆச்சு என்று நர்ஸ் கேட்டார். "நெய் டப்பா மூடி" என்றேன். கத்தி என்றால் எழுதி வைப்பார்கள், எழுதி வைத்தால் யாராவது படிப்பார்கள். தனம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த கை கழுவும் படத்தைப் பார்த்தேன்.

டிசம்பர் 3, புதன்

இட்லி வாங்கிக் கொடுத்தேன். எழுத வேறு ஒன்றுமில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

அகிலா தனத்தின் விரல்கட்டைப் பார்த்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கறுப்புப் பிடிக் கத்தியை எடுத்து ஒரு தக்காளி மேல் வைத்து இழுத்தாள். தக்காளி நசுங்கிச் சாறு வழிந்தது, தோல் கிழியவில்லை.

"இதை என்ன பண்ணீங்க மாமா?"

"நாள்பட்டா மழுங்கத்தானம்மா செய்யும்."

"வாங்கி ஒரு மாசங்கூட ஆகல."

பின்வாசலுக்குத் தண்ணீர் ஊற்றப் போனவள் அங்கேயே நின்றாள். படியில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் நானும் ஏற்றியிருப்பேன்.

"கூரா இருந்தா லேசா வச்சாலே எறங்கிரும் மாமா. மழுங்கினதைத்தான் அழுத்தணும். அழுத்துனா வழுக்கும். வழுக்குனா கைதான்."

"நான் அவ நல்லதுக்கு..."

"தெரியும். அதான் திட்டல." கத்தியைத் தள்ளி வைத்தாள். "அப்பாகிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். அவங்களா கேக்காத வரைக்கும் நானா சொல்லவும் மாட்டேன்."

இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று பொழுது சாயும்வரை யோசித்தேன்.

டிசம்பர் 10, புதன்

சாணைக்கல் வாங்கிவிட்டேன். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழுவழுப்பு. தண்ணீரில் நனைத்து, கீழே ஈரத்துணி போட்டு, கத்தியின் முதுகைச் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குத் தூக்கி, ஒரே சாய்வில் தள்ள வேண்டும். சாய்வு மாறினால் போச்சு. முதல் தடவையே எனக்கு வந்துவிட்டது. முதல் தடவை என்பது காலையில் ஆரம்பித்து மாலையில் முடிந்தது.

இப்போது தக்காளியைக் கத்தி தொட்டதும் திறந்துகொள்கிறது. பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். கூர் கத்திதான் பத்திரம் என்று புத்திக்குப் புரிகிறது, கண்ணுக்கு யார் சொல்வது?

அதனால் ஒரு பலகை செய்தேன். அகிலா போனில் ஒரு படம் காட்டியிருந்தாள், ஆனால் என்னுடையது சொந்தக் கண்டுபிடிப்பு. வேப்பம்பலகையில் அடியிலிருந்து, முனை மேலே நீட்டும்படி இரண்டு எவர்சில்வர் ஆணி. காயை ஆணியில் குத்திவிட்டால் அது அசையாது, பிடிக்க வலது கை தேவையே இல்லை. கத்திப் பிடியில் பழைய மைக் ஸ்டாண்டின் ரப்பரைச் சுற்றினேன். ஸ்டேஜில் எத்தனையோ பேர் பிடித்துக் கத்திய ரப்பர்.

தனம் பலகையைத் தடவிப் பார்த்தாள். ஆணி முனையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் சட்டைப் பையைத் தட்டினாள். ஏன் என்று தெரியவில்லை. பையில் ஒன்றும் இல்லை.

டிசம்பர் 18, வியாழன்

தையல் பிரித்தாயிற்று. தழும்பு நன்றாகவே தெரிகிறது. இன்று மறுபடி கத்தியைக் கையில் நீட்டினேன். வாங்கினாள். டக். டக். நடுவில் பெரிய இடைவெளி. அந்த இடைவெளியில் நான் எத்தனை சாமிகளைக் கூப்பிட்டேன் என்று இங்கே எழுத இடமில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரரிடம் பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தேன். திருவிழாவில் இடி விழுந்து எல்லாக் குழாயும் நின்றுபோக, நான் ஒருவனே குரல் கொடுத்துத் தேரை நிலைக்குக் கொண்டுவந்த கதை. தேர் திரும்புகிற இடத்தில் தனம் உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். உதட்டைக் குவித்து, "ப்..." என்றாள்.

பாலா? எடுத்து வந்தேன். பூவா? பக்கத்து வீட்டில் வாங்கி வந்தேன். பாய், பல் மருந்து, பஞ்சாங்கம். எல்லாவற்றையும் கொண்டுவந்து அவள் முன் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு சோர்ந்து போய் உள்ளே போய்விட்டாள்.

இடம் கொடுக்கச் சொன்னார் டீச்சர். நான் கடையே வைத்துவிட்டேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

சௌந்தரபாண்டி போன். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் வருகிறான். "திரும்பிப் போறதுக்கு அக்காவுக்கும் சேத்தே டிக்கெட் போட்டுட்டேன் மச்சான். வேணாம்னா கேன்சல் பண்ணிக்கலாம்." வேண்டாம் என்றால் கேன்சல் செய்ய, டிக்கெட்டை ஏன் போட வேண்டும்?

அவன் வீட்டில் லிஃப்ட் இருக்கிறது. சமையலுக்கு ஆள் இருக்கிறது. பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. இதெல்லாம் நல்லதுதான். இதை எதிர்த்துப் பேச என்னிடம் என்ன இருக்கிறது, ஆணி அடித்த பலகையைத் தவிர?

ஜனவரி 4, ஞாயிறு

இந்த வாரம் முழுக்கச் சாம்பாருக்குக் காய் நறுக்கியது தனம்தான். கழுவித் துடைத்து எண்ணெய் தடவுவது நான். கத்திகளைக் கரண்டிகளோடு போடாமல் தனியாகத் துணியில் சுற்றி வைக்கிறேன். அகிலா பார்த்துவிட்டு, "பரவால்லயே மாமா" என்றாள். நான் சிங்கப்பூரிலேயே இதற்குப் பட்டம் வாங்கியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தனத்தைப் பார்த்தேன்.

முன்பு மலேசியா என்றேன். இப்போது சிங்கப்பூர். அதற்கும் ஒன்றும் வரவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

 எழுத்து கோணலாக இருந்தால் பேனாதான் காரணம்.

காலையில் சௌந்தரபாண்டி வந்து இறங்கினான். கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், வெண்கலப் பானை, அக்காவுக்குப் பட்டுச் சேலை. பின்னாலேயே அகிலா. சீரை இறக்கி வைத்துவிட்டு அவன் முதலில் பார்த்தது மேஜையை. தனம் கத்தரிக்காயை ஆணியில் குத்தி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மச்சான்! அக்கா கையில கத்தியவா குடுத்துருக்கீங்க?"

"டீச்சர் சொல்லித்தான் மாப்ள."

"எந்த டீச்சர் சொன்னா என்ன? வெவரம் வேணாமா?" கிட்டே போய் அவள் வலது கையைத் தூக்கிப் பார்த்தான். பார்த்துவிட்டான். "இது என்ன தழும்பு?"

நான் இந்தக் கேள்விக்கு ஒரு மாதமாகத் தயாராக இருந்தேன். அதனால்தான் பதில் பெரிதாகிவிட்டது.

"அதை ஏன் கேக்குற மாப்ள! பரண் மேல நெய் டப்பா. பூனை ஒண்ணு தாவுச்சு பாரு, டப்பா வருது நேரா ஒங்க அக்கா தலைக்கு! நான் முற்றத்துல இருந்து ஒரே பாய்ச்சல். அந்தரத்துலயே டப்பாவைப் புடிச்சுட்டேன். மூடி மட்டும் தெறிச்சு அவ வெரல்ல லேசா..."

"பூனையா?"

"புலி மாதிரி பூனை."

சௌந்தரபாண்டி மகளைத் திரும்பிப் பார்த்தான். "அகிலா, நெசமா?"

அகிலா என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். கேட்காத வரைக்கும்தான் சொல்லாமலிருப்பேன் என்றவள். இப்போது கேட்டுவிட்டான். அவள் வாயைத் திறந்தாள். எல்லாம் முடிந்தது என்று நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"பொய்யி."

அகிலா சொல்லவில்லை. அவள் வாய் திறந்தபடியே இருந்தது.

குரல் மேஜையிலிருந்து வந்தது. கட்டைக் குரல், கரகரப்பு, நாள்பட்டுத் தூசி பிடித்த குழாயில் முதலில் வருகிற சத்தம் மாதிரி. தனம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் அந்தப் பழைய இடத்தில் ஏறியிருந்தது. இன்னொரு தடவை உதட்டைக் குவித்து, நன்றாக இழுத்து, "பொய்...யி" என்றாள். பிறகு கத்தியைத் தூக்கிக் காட்டி, "கத்தி."

நான் அகப்பட்டுக்கொண்டேன். என் மச்சினன் முன்னால், சீர்வரிசை முன்னால், முழுசாக அகப்பட்டுக்கொண்டேன். இந்த உலகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயம். நறுக்கியது கத்தரிக்காய்தான் என்று அகிலா சொல்கிறாள். எனக்கு வெங்காயமாகத்தான் தெரிந்தது.

"அக்கா... பேசுறியாக்கா?" சௌந்தரபாண்டி முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். பெரிய மனுஷன், பேன்ட் அழுக்காகுமே என்றுகூடப் பார்க்கவில்லை. "கத்திதானா? கத்தியா பட்டுச்சு?"

தனம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் ஒரு பூனையையும் கூப்பிடவில்லை. "கத்திதான் மாப்ள," என்றேன். "அவளுக்குப் படக்கூடாதுன்னு நாந்தான் மழுக்கி வச்சேன். அதனாலதான் பட்டுச்சு."

 அவன் அக்கா பக்கம் திரும்பினான். "அக்கா, எங்கூட வந்துரு. அங்க ஒனக்கு ஒரு கொறையும் இருக்காது. வர்றியா?"

தனம் உதட்டைத் திறந்தாள். காற்று வந்தது.

"வர்றேங்கிறியா? என்னக்கா? வர்றேன்தான?"

"மாப்ள," என்றேன். "எடம் குடு."

சொல்லிவிட்டு நானும் வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் செய்த கனமான வேலை அதுதான். ஒவ்வொரு வார்த்தையும் தொண்டை வரை வந்து நின்றது, வேண்டாம், போகாதே, உப்பு கூடினாலும் நானே சமைக்கிறேன். ஒன்றையும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் தேடிக்கொண்டிருந்தாள். அவள் என்ன எடுப்பாள் என்று எனக்குத் தெரியாது. வெளியே கரும்பு வண்டிக்காரன் கத்திக்கொண்டு போனான். அவனை அடிக்கலாம் போல இருந்தது.

தனம் அடுத்த கத்தரிக்காயை எடுத்து ஆணியில் குத்தினாள். கத்தியை அதன்மேல் வைத்தாள். அழுத்தவில்லை, வைத்தாள், இறங்கியது.

"இங்க," என்றாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வெண்கலப் பானையில் பால் பொங்கியது. சௌந்தரபாண்டி நாளைக் காலை கிளம்புகிறான், ஒரு டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டான். மாசம் ஒரு தடவை வந்து பார்ப்பேன் என்கிறான். வரட்டும். சாப்பிடும்போது அவனுக்கு, நான் எட்டாம் வகுப்போடு நின்றபோது கலெக்டரே வீடு தேடி வந்து அழுததைச் சொன்னேன். பாதியில் "பொய்யி" வந்துவிட்டது. முழுக்கதையையும் அவனால் கேட்க முடியவில்லை, பாவம்.

இதை எழுத உட்கார்ந்ததே காலையில் நடந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

பரங்கிக்காய் நறுக்க வேண்டியிருந்தது. கத்தியைக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து, துடைத்து, பிடியை அவள் பக்கம் திருப்பி, தினமும் செய்கிற மாதிரி கையில் நீட்டினேன்.

வாங்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கவனிக்காதவன் மாதிரி இன்னும் கொஞ்சம் கிட்டே நீட்டினேன். முகவாயால் மேஜையைக் காட்டினாள்.

"கீழ," என்றாள்.

காது கேட்காதவன் மாதிரி அப்படியே நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் முகம் சிவந்தது. மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"கீழ... வைங்க!"

வைத்தேன்.